எடுத்துக்கொள்ளப்பட்டது

அப்பாவுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது.
சூப்பில் உப்பில்லை என்றால்கூட
கிண்ணத்தைத்தான் முறைப்பார்.
அதனால் பட்டியலை நான் போட்டேன்,
எஸ்பியர்க்கில், துறைமுகம் தெரியாத
ஒரு துறைமுகத் தெருவின் இரண்டாம் மாடியில்,
தரையில் உட்கார்ந்து.
நாற்காலி ஏழாவது வரியில் இருந்தது.

‘ஹென்னிங் புது வீட்டுக்கு வருகிறார்’ என்று தலைப்பு வைத்தேன்.
‘புது’வை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.
‘ஹென்னிங் வீட்டுக்கு வருகிறார்’ என்று நின்றது.
அதுவும் சரியில்லைதான்,
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உருளைக்கிழங்கு சீவி. வாளி. குளியலறை விரிப்பு.
முட்கரண்டி ஆறு என்று எழுதினேன்;
“யார் வரப்போகிறார்கள்” என்று நான்காக்கினார்.
பதினான்காவது, ரொட்டி அறுக்கும் கத்தி.
பல் வைத்தது, நீளமானது.
அதைச் சொல்லும்போது மட்டும்
இரண்டு கையாலும் காற்றில் அளந்து காட்டினார்.
பழைய வீட்டில் விட்டுவந்த கத்தியின் நீளம்.
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சுட்டியை எல்லாருக்கும் அனுப்பினேன்.
பதிவு வேண்டாம், பெயர் வேண்டாம்,
தொட்டால் திறக்கும்.
விவாகரத்துக்கே கடவுச்சொல் கேட்கிற நாடு இது.
இருவரும் அவரவர் கைபேசியில்
எண்களைத் தட்டித்தான் பிரிந்தார்கள்,
அம்மா முதல் தடவை தப்பாகத் தட்டினாளாம்.
இங்கே ஒரு வாளி வாங்கித் தருவதற்கு
நீ யார் என்று யாரும் கேட்கவில்லை.

எந்தக் கணக்கையும் இரண்டாம் முறை திறக்க முடியாத
பீர்த்தே அத்தை ஐந்தே நிமிடத்தில் விரிப்பை எடுத்தாள்,
எடுத்த கையோடு ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.
டேனிஷ் படிக்க வராத வால்டெமார்
படத்தைப் பார்த்து வாணலியை எடுத்தான்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
திரையில் எல்லாரும் ஒரே சாம்பல் நிறம்,
கீழே ஒரே சொல்: எடுத்துக்கொள்ளப்பட்டது.

வியாழன் இரவு பதினொன்று நாற்பதுக்குப்
பதினான்காவது வரி சாம்பலானது.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் கறுப்பு.
யாரோ விட்டுவிட்டார்கள்.
பன்னிரண்டேகாலுக்கு மறுபடி சாம்பல்.
ஒரு மணிக்குக் கறுப்பு.
ஒரு கத்திக்கு இத்தனை யோசனையா?

அம்மாவுக்கு நான் அனுப்பவில்லை.
ஆனால் சுட்டிக்குத்தான் பூட்டில்லையே,
அத்தையின் வாய்க்கும்.

இரண்டு மணிக்குச் சாம்பல் நிலைத்தது.
நானும் தூங்கினேன்.

அப்பா பட்டியலைத் திறந்து பார்க்கவேயில்லை.
பார்த்தால் பரிசின் ருசி போய்விடுமாம்,
ஐம்பத்திரண்டு வயதில்.

சனிக்கிழமை மழை படுத்துக்கொண்டு பெய்தது.
பதினொரு பேர் வந்தார்கள், நான்கு முட்கரண்டி.
கீழ்வீட்டு ஹோதான் வாளிக்குள் எலுமிச்சம் பழங்களைப் போட்டு
வெறும் வாளி தரக்கூடாது என்றாள்.
நாற்காலிகளை வால்டெமார் ஒரு திருகைத் தொலைத்துப் பூட்டினான்.
விளக்கு வந்தது, சீவி வந்தது,
பட்டியலில் இல்லாத கள்ளிச்செடி ஒன்றும் வந்தது.
கத்தி வரவில்லை.

ரை ரொட்டி மேசைமேல் செங்கல்லாகக் கிடந்தது.
நான் இரண்டு முறை வாசலைப் பார்த்தேன்.
அப்பா ஒரு முறை பார்த்தார்.

வால்டெமார் கம்பி உரிக்கும் கத்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க,
வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு
அப்பா ரொட்டியைக் கையாலேயே உடைத்தார்.
அது பிய்வதற்கென்று சுட்ட ரொட்டி அல்ல.
ஆளுக்கொரு மூலை இழுத்தோம்,
ஹோதானின் சின்ன மகன் சிரித்துச் சிரித்து
புது விரிப்பெல்லாம் துகளாக்கினான்
(குளியலறைக்கு அது பெரிது, கூடத்தில் கிடந்தது).

மூன்று வாரம் ஆகிறது.
கடையில் நூறு குரோனர்கூட இல்லை,
நான் வாங்கிவருகிறேன் என்றேன்.
அந்த வரியைக் கறுப்பாக்க ஒரு தொடுதல் போதும்,
அதற்கும் யாரும் பெயர் கேட்கப்போவதில்லை.

அப்பா ரொட்டியின் முனையை முறித்து
வெண்ணெயில் அழுத்தினார்.
“விடு,” என்றார்.
“யாரோ எடுத்திருக்கிறார்களே.”